ஒரே பாதரசத் துளியோடு ஓர் ஆய்வு வாழ்க்கை: ஹெய்ரோவ்ஸ்கி பற்றி ஒரு கேள்வி

கேள்வி (முதுகலை வேதியியல் மாணவி):
செக் வேதியியலாளர் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் போலரோகிராபியை (துளித்துளியாக விழும் பாதரசத்தை மின்முனையாக்கி, மின்னழுத்தத்தை மாற்றும்போது பாயும் மின்னோட்டத்தை அளந்து, கரைசலில் உள்ள பொருளை அறியும் முறை) கண்டறிந்தார், 1959இல் நோபல் பரிசு பெற்றார் என்பதோடு எங்கள் பாடநூல் நின்றுவிடுகிறது. பாதரசத் துளியிடம் அவர் எவ்வாறு வந்து சேர்ந்தார்? ஒரே முறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டது அவருடைய ஆய்வைக் குறுக்கிவிடவில்லையா? முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் நிலையில் இருப்பதால், இரண்டாவது கேள்வியே எனக்கு முதன்மையானது.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற பேராசிரியர்):
1890இல் பிராகில் பிறந்த அவர், லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் டோனனிடம் பயின்றபோது, அலுமினியத்தின் மின்முனை அழுத்தத்தை அளக்கும் பணியை மேற்கொண்டார். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்துகொண்டே இருப்பதால் அளவீடு நிலைகொள்ளவில்லை. ஆகவே அலுமினிய இரசக்கலவையை (பாதரசத்தில் கரைந்த அலுமினியத்தை) நுண்குழாய் வழியே ஒழுகவிட்டு, மேற்பரப்பை இடைவிடாமல் புதுப்பிக்கும் வழி முயலப்பட்டது. பின்னாளில் வந்த துளி மின்முனையின் விதை இதில் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

முதல் உலகப் போரின்போது இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, 1918இல் பிராகில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு அமர்ந்தபோது, தேர்வாளர்களில் ஒருவரான இயற்பியல் பேராசிரியர் குசெரா, மின்னழுத்தம் மாறும்போது பாதரசத்தின் பரப்பு இழுவிசை எவ்வாறு மாறுகிறது என்பது பற்றிக் கேட்டார். குசெராவின் முறையில், நுண்குழாயிலிருந்து விழும் துளிகளைத் திரட்டி எடைபோட வேண்டும். அந்த வளைகோடுகளில் விளக்க இயலாத முரண்கள் சில இருந்தன. ஹெய்ரோவ்ஸ்கி அவற்றை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். இறுதியில், துளிகளை எடைபோடுவதற்கு மாறாக, அவற்றின் வழியே பாயும் மின்னோட்டத்தை கால்வனாமீட்டரில் அளந்து பார்க்கும் முடிவுக்கு வந்தார். 1922 பிப்ரவரி 10 அன்று, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மின்னோட்டம்–மின்னழுத்த வளைகோடு கிடைத்தது.

மறுமொழி 2 (பகுப்பாய்வுக்கூட வேதியியலாளர்):
அந்த வளைகோட்டின் பயன் எங்களைப் போன்றோருக்கு உடனே விளங்கும். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளிப்படாததால், மிகவும் எதிர்மறையான மின்னழுத்தம் வரை செல்ல முடிகிறது. ஒவ்வொரு துளியும் புதிய, மாசற்ற மேற்பரப்புடன் பிறப்பதால், முந்தைய வினையின் எச்சம் அடுத்த அளவீட்டைக் கெடுப்பதில்லை. கரைந்த பொருள் வினைபுரியும்போது வளைகோடு படிபோல் உயர்வதை அலை என்கிறோம்; அலையின் நடுப்புள்ளியான அரை அலை மின்னழுத்தம் கரைந்திருக்கும் பொருள் எது என்பதையும், அலையின் உயரம் அது எவ்வளவு என்பதையும் காட்டுகின்றன. கரைசலில் உள்ள ஆக்சிஜனும் தன் அலைகளைப் பதிப்பதால், முதலில் நைட்ரஜனைச் செலுத்தி அதை வெளியேற்ற வேண்டும்.

மறுமொழி 3 (மின்வேதியியல் ஆய்வாளர்):
உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் மறுமொழி, குறுக்கவில்லை என்பதே. அவர் பற்றிக்கொண்டது ஒரு கருவியை மட்டுமன்று, மின்முனைப் பரப்பில் நிகழ்வதைத் துல்லியமாகக் காணும் ஒரு வழியை. அதிலிருந்து பிறந்த கேள்விகளைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பிறரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிலிருந்து வந்த மசுசோ ஷிகாதாவுடன் சேர்ந்து, வளைகோட்டை ஒளிப்படத் தாளில் தானாகவே பதியும் போலரோகிராப் கருவியை 1925இல் வெளியிட்டார். ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குறிக்கும் உழைப்பு அத்துடன் நீங்கியது. டியோனிஸ் இல்கோவிச் 1934இல் விரவல் மின்னோட்டத்திற்கான (கரைந்த பொருள் மின்முனையை நோக்கிப் பரவிவரும் வேகத்தால் வரையறுக்கப்படும் மின்னோட்டத்திற்கான) சமன்பாட்டை வருவித்த பிறகே, அலை உயரம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதற்குக் கோட்பாட்டு அடிப்படை அமைந்தது. ருடோல்ப் பிர்திச்கா கோபால்ட் கரைசலில் புரதங்கள் தரும் அலைகளை ஆராய்ந்து, இம்முறையை இரத்தச் சீரம் வரை கொண்டுசென்றார். ஒருவரே பத்துத் தலைப்புகளைத் தொட்டிருந்தால் இத்தனை கிளைகள் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. 1950இல் பிராகில் போலரோகிராபி நிறுவனம் அமைந்தபோது, அவரே அதன் இயக்குநரானார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இன்று இம்முறை ஏன் அரிதாகிவிட்டது?

மறுமொழி 3 (தொடர்ச்சி):
பாதரசத்தின் நச்சுத்தன்மை ஒரு காரணம். அணு உறிஞ்சல் நிறமாலையியல் (அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு தனிமங்களை அளத்தல்) போன்ற முறைகள் பரவியது மற்றொன்று. மூன்றாவது காரணம் துளிக்குள்ளேயே இருந்தது. வளரும் துளியின் பரப்பு மின்னேற்றம் பெறுவதற்கே சிறிது மின்னோட்டம் செலவாவதால், லிட்டருக்கு ஏறத்தாழ நூறாயிரத்தில் ஒரு மோலுக்குக் கீழே, பொருளின் அலை அதில் மூழ்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆற்றல் ஆய்வு நிலையத்தில் 1950களில் ஜெப்ரி பார்க்கர், துளியின் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் மட்டும் மின்னழுத்தத் துடிப்பைக் கொடுத்து, மின்னேற்ற ஓட்டம் தணிந்தபின் அளக்கும் துடிப்பு முறையை உருவாக்கி, இந்தத் தடையைப் பெருமளவு கடந்தார். இன்று கார்பன் மின்முனைகளில் நீங்கள் செய்யும் வகையீட்டுத் துடிப்பு வோல்டாமெட்ரி (துடிப்புக்குச் சற்று முன்னும் அதன் இறுதியிலும் பாயும் மின்னோட்டங்களின் வேறுபாட்டை அளக்கும் முறை) அந்த வழியில் வந்ததுதான். தலைப்பைத் தேர்வதற்கு முன் பார்க்கரின் பணியையும் படித்துப் பாருங்கள்.