நூலிழையில் தப்பிய டோஸ்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நடுநிசி டூட்டி
பதினோரு வருடமாகக் கால்நடை மருத்துவர். நேற்று ஒரு பூனைக்கு இன்சுலின் போடப் போன கையைக் கடைசி நொடியில் பிடித்து நிறுத்தினேன். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பூனைக்கு கிளார்ஜின் இன்சுலின், 2 யூனிட். கேஸ் பேப்பரில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கென்று யூ-100 சிரிஞ்சு உண்டு. அது தீர்ந்திருந்தது. பக்கத்து டிராயரில் நாய்களுக்கு வைத்திருந்த யூ-40 சிரிஞ்சை (ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கானது) எடுத்து, புதிதாகச் சேர்ந்த பெண் சரியாக "2" என்ற கோடு வரை மருந்தை இழுத்துவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. 2 யூனிட் என்று எழுதியிருக்கிறது, சிரிஞ்சிலும் 2 இருக்கிறது.

ஆனால் யூ-40 சிரிஞ்சில் 2-ஆம் கோடு என்றால் 0.05 மில்லி. அதில் கிளார்ஜினை நிரப்பினால் உள்ளே இருப்பது 5 யூனிட். இரண்டரை மடங்கு! நான்கு கிலோ பூனைக்கு அது ராத்திரியோடு ராத்திரியாக வலிப்பு வரவைக்கும் அளவு.

என் கண்ணில் பட்டது கீழே கிடந்த மூடிதான். யூ-40-க்குச் சிவப்பு, யூ-100-க்கு ஆரஞ்சு. வார்டு விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இப்படி யாருக்கு என்ன நடந்தது? ஆள் பெயர், கிளினிக் பெயர் வேண்டாம்.

கறுப்பு லாப்ரடார்
எங்களுக்கு நடந்தது இதற்கு நேர் தலைகீழ். நாய்க்கு யூ-40 இன்சுலின், வீட்டுக்காரர் மெடிக்கலில் வாங்கி வந்தது யூ-100 சிரிஞ்சு. 5 யூனிட் என்று அவர் தினமும் போட்டது உண்மையில் 2 யூனிட்தான். சர்க்கரை எப்படி இறங்கும்? நாங்களும் ஒவ்வொரு முறையும் ஏற்றிக்கொண்டே போய் 10-இல் நிறுத்தினோம். அதாவது உள்ளே போனது 4. அதில் சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் யாரோ புண்ணியவான் அவருக்குச் சரியான சிரிஞ்சு கொடுத்துவிட்டார். அன்று முழுசாக 10 யூனிட் போனது. மூன்று மணி நேரத்தில் நாய் குடித்தவன் போலத் தள்ளாடி விழுந்தது. ஈறில் குளுக்கோஸ் தடவியபடியே தூக்கி வந்தார்கள், டிரிப் ஏற்றிப் பிழைக்க வைத்தோம். சரியான சிரிஞ்சுதான் அந்த நாயைக் கொல்லப் பார்த்தது என்று நினைத்தால் இன்னமும் தலை சுற்றுகிறது. அன்று முதல், சர்க்கரை கட்டுப்படவில்லை என்று யார் வந்தாலும் டோஸை ஏற்றுவதற்கு முன் "வீட்டில் போடுகிற மாதிரி என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்" என்றுதான் கேட்கிறேன்.

மீசைக்காரி
நான் வரவேற்பு மேஜையில் இருப்பவள், டாக்டர் இல்லை. எங்கள் எடை மெஷினில் கிலோவுக்கும் பவுண்டுக்கும் ஒரே பட்டன். துடைக்கும்போது யாரோ அமுக்கியிருக்கிறார்கள். 10 கிலோ நாய்க்கு 22 என்று பதிவாகி, மயக்க ஊசியும் அந்தக் கணக்கில் போய்விட்டது. நாடித்துடிப்பு மளமளவென்று இறங்க, மாற்று ஊசி போட்டு எழுப்பினார்கள். நல்லவேளை, மாற்று உள்ள மருந்து. நாயைத் தூக்கி மெஷினில் வைத்தவள் நான்தான். "இவ்வளவு லேசாக இருக்கிறதே, இதுவா 22?" என்று மனதுக்குள் தோன்றியது. வாய் திறக்கவில்லை.

சொட்டு மருந்து
பல வருடம் முன்பு, ஒரு தெருநாய்க் குட்டி, 5 கிலோ. சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி. ஆடு மாடுகளுக்கு வரும் 1 சதவீத மருந்து, அதாவது ஒரு மில்லியில் 10 மி.கி. குட்டிக்குத் தேவை 1 மி.கி., ஆக 0.1 மில்லி. எழுதியவர் பூஜ்யத்தை விட்டுவிட்டு வெறும் ".1" என்று எழுத, புள்ளி நோட்டின் கோட்டுக்கு மேலேயே விழுந்து காணாமல் போனது. ஒரு மில்லி ஏற்றிய சிரிஞ்சோடு நான் நிற்கிறேன். கூண்டு கழுவ வந்த அண்ணன் எட்டிப் பார்த்து, "தம்பி, கன்னுக்குட்டிக்கா போடப் போற?" என்றார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அன்று பத்து மடங்கு போயிருக்கும்.

வால்நட்சத்திரம்
@சொட்டு மருந்து: கோலி என்ற நாய் இனத்துக்குத்தானே ஐவர்மெக்டின் ஆகாது? தெருநாய்க்கு அவ்வளவு பயம் தேவையா?

சொட்டு மருந்து
பாதி சரி. கோலியிலும் அதன் உறவு இனங்கள் சிலவற்றிலும் எம்டிஆர்1 மரபணுக் கோளாறு அதிகம். மூளைக்குள் போகிற மருந்தை வெளியே தள்ளுகிற புரதம் அவற்றுக்கு வேலை செய்யாது. அதனால் மற்ற நாய்கள் தாங்கும் சொறி டோஸிலேயே அவை நடுங்கி, கண் தெரியாமல், கோமா வரை போகும். இதயப்புழுவைத் தடுக்கத் தரும் மாதாந்திர அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், அது அவற்றுக்கும் ஒன்றும் செய்யாது. கலப்பு நாயிடமும் அந்த மரபணு இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டாலும் பத்து மடங்கு என்பது குட்டியிடம் விளையாடிப் பார்க்கிற விஷயமா?

பூனையின் அடிமை
வீட்டில் நாயும் பூனையும் வளர்ப்பவர்கள் இதைப் படியுங்கள். பல் பிடுங்கிய பூனைக்கு வலி மருந்து மெலாக்சிகாம், 0.4 மில்லி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் நாய்க்கு மூட்டுவலி, அதே பெயர் போட்ட பாட்டில் வீட்டிலேயே இருந்தது. எதற்கு இன்னொன்று என்று அதிலிருந்தே கொடுத்தேன். நாய் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 1.5 மி.கி., பூனை பாட்டிலில் 0.5 மி.கி. மூன்று நாளும் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். நான்காம் நாள் தண்ணீரையே மோந்துகொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது. ஒரு வாரம் டிரிப். பிழைத்தாள், ஆனால் இன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் சீட்டில் மில்லியோடு மி.கி. எவ்வளவு, எந்த பாட்டில் என்று ஒரு வரி இருந்திருக்கலாம் இல்லையா?

நடுநிசி டூட்டி
இருந்திருக்க வேண்டும். வெறும் மில்லி மட்டும் எழுதுவதை நானும் இத்தனை நாள் செய்துகொண்டுதான் இருந்தேன்.

இன்னொரு கதை. மூச்சிரைப்போடு ஒரு பூனை வந்தது. முகம் வீங்கியிருந்தது, ஈறு சாக்லேட் நிறம். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இல்லை. ரத்தம் எடுத்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டோம். பக்கத்தில் வேறொரு பூனையின் ரத்தம் ஒரு சொட்டு. அது சிவந்து நின்றது, இது பழுப்பாகவே காய்ந்தது. "காய்ச்சல் மாத்திரை ஏதும்...?" என்று கேட்டதும் "அது பாதிதான் கொடுத்தோம்" என்றார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை.

பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. பூனைக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று ஒரு அளவே கிடையாது. அதற்கு மாற்று மருந்தான அசிட்டைல் சிஸ்டீன் ஏற்றி, ஆக்சிஜனில் வைத்து இரண்டு நாள் போராடினோம். இப்போது மருந்து கொடுத்தீர்களா என்று பொதுவாகக் கேட்பதில்லை. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, கழுத்தில் விடும் உண்ணி மருந்து, தைலம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

கறுப்பு லாப்ரடார்
உண்ணி மருந்தைச் சேர்த்தீர்கள், நல்லது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு விட்டு, உடம்பெல்லாம் உதறியபடி வருகிற கேஸ் எங்களுக்கு அடிக்கடி உண்டு. பெரிய நாயின் டியூபில் கால்வாசிதான் விட்டோம் என்பார்கள். அளவைக் குறைத்தாலும் அது பூனைக்கு விஷம்தான்.

மீசைக்காரி
மனிதர்களுக்கான காபாபென்டின் என்ற வலி மருந்துத் திரவம் சிலவற்றில் சைலிட்டால் இனிப்பு இருக்கும், நாய்க்கு ஆகாது. டோஸ் சரியாக இருந்தும் மாட்டிக்கொள்ளலாம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வால்நட்சத்திரம்
@நடுநிசி டூட்டி: அந்தப் புதுப் பெண் என்ன ஆனார்? திட்டு வாங்கினாரா?

நடுநிசி டூட்டி
இல்லை. முதலில் அழுதார். அப்புறம் அவரே ஒரு வேலை செய்தார். யூ-40 சிரிஞ்சுகளை எல்லாம் அள்ளி, நாய் இன்சுலின் குப்பியோடு ஒரே டப்பாவில் போட்டு, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் தனியாக வைத்துவிட்டார். கிளார்ஜினும் அதன் சிரிஞ்சும் மேல்தட்டில் இன்னொரு டப்பாவில். வெறும் சிரிஞ்சு எந்த டிராயரிலும் கிடையாது. காலையில் சிரிஞ்சு தேடி டிராயர் டிராயராகத் திறந்த முதல் ஆள் நான்தான்.