‘ப்ராவனன்ஸ்’ – தமிழில் எது பொருந்தும்?

பாளையங்கோட்டையிலிருந்து:
இனவுறவு (race relations) வரலாற்று ஆவணங்களை அடுக்கும் பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ப்ராவனன்ஸ்’ (provenance, ஓர் ஆவணம் எதிலிருந்து உண்டானது என்பதைக் குறிக்கும் காப்பகச் சொல்) என்பதற்குப் ‘பிறப்பிடம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அம்பாசமுத்திரம்:
சரிவராது அண்ணாச்சி. மாணவர் ஊரைத் தேடுவார்கள். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1942இல் அமெரிக்க மிஷனரி சங்கம் தொடங்கிய இனவுறவுத் துறையின் தாள்கள் நாஷ்வில்லில் உருவானவை. இப்போது நியூ ஆர்லியன்ஸில், அமிஸ்டாட் ஆய்வு மையத்தில் இருக்கின்றன. ஊர் மாறியும் ப்ராவனன்ஸ் மாறவில்லை, அது அந்தத் துறைதான். ‘வந்தவழி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

தென்காசி:
வந்தவழி என்பது கைமாறிய வரலாறு. அட்டவணையில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. நம் கால்வாய்ச் சொல்லையே எடுக்கலாமே: தலைமடை. கோடகன் கால், பாளையங்கால் என்ற வாய்க்கால்களில் இன்றும் புழங்குகிற சொல். மடு, மடி, மடை மூன்றும் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். தேங்குவதும் தாங்குவதும் அதில் அடங்கும்…

நாங்குநேரி:
வேரை விடுங்கள். தலைமடை என்பது தண்ணீரை முதலில் வாங்குமிடம், தண்ணீர் பிறக்குமிடம் இல்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று நன்னூல் ஆறாகப் பிரிக்கிறது. பிறப்பிடம் அதில் நிலம். நமக்கு வேண்டியது செய்பவன், அதாவது வினைமுதல்.

தென்காசி:
அப்படியானால் பாயிரத்தில் வரும் ‘ஆக்கியோன்’ போதாதா? அலுவலகத்துக்கு ‘ஆக்கியோர்’ என்று வைக்கலாம்.

நாங்குநேரி:
போதாது. அந்தத் துறைக்கு வெளியாள் ஒருவர் கடிதம் எழுதுகிறார். ஆக்கியோர் அவர். ஆனால் கடிதம் துறையின் வேலையில் சேர்ந்தது, துறையின் கோப்பில்தான் இருக்க வேண்டும். ‘எழுதியவர்’ என்று பிரித்தால் கடிதம் ஒரு பெட்டிக்கும் அதன் பதில் நகல் இன்னொரு பெட்டிக்கும் போய்விடும். ‘வேலைநிறுத்தம்’, ‘பள்ளி’ என்று பொருள்வாரியாகப் பிரித்தாலும் இதே கேடுதான். எதற்கு எது பதில் என்பது பிறகு திரும்பக் கிடைக்காது. வந்த வரிசையைக் கலைக்காமல், உறையின் மேல் பென்சிலால் எண்ணிட்டு, பெட்டி முகப்பில் வினைமுதல், ஆண்டு, உறை எண்ணிக்கை எழுதினால் போதும். மை வேண்டாம், ஈரம் பட்டால் தாளில் இறங்கும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலைப் பாருங்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று பத்திகள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போனதிலிருந்து இவை தொடங்குகின்றன. சாதிப் பத்தியை நிரப்பியது அலுவலக எழுத்தர், கூலியாகப் போனவர் இல்லை. இது யாருடைய பதிவு என்பதை முகப்பிலேயே சொல்லாவிட்டால், அதைப் போனவரின் வாக்குமூலமாகவே படித்துவிடுவார்கள்.

அம்பாசமுத்திரம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வகுப்பில் வினைமுதல் என்றதும் எழுவாயைத்தான் நினைப்பார்கள். இன்னொன்று, தலைப்பில் ‘இனவுறவு’ என்று இருப்பதும் உறுத்துகிறது. நம் பக்கம் உறவு என்றால் கொள்வினை கொடுப்பினை. ஒதுக்கிவைத்த வரலாற்றுக்கு அந்தச் சொல்லா?

பாளையங்கோட்டை:
1929இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இனவுறவு நிறுவனத்தின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது, பெயர்ச்சொல்லை மாற்ற முடியாது. நம் விளக்கவுரையில் ‘இனப்பாகுபாடு’ என்று எழுதிக்கொள்ளலாம். ப்ராவனன்ஸுக்கு ‘வினைமுதல்’, முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘ஆவணம் எவர் வேலையில் உண்டானதோ அவர்’ என்று விளக்கம். நாளை காலை பக்கம் கட்டுகிறார்கள்.

தென்காசி:
அச்சிடுங்கள். சொல்லடைவில் ‘ஆக்கியோர்’ என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என் கருத்து மாறவில்லை.