வயரை வெட்டினால் என்ன ஆகும்? டென்னி டூகெட்டைப் பார்த்தவர்கள் சொல்வது

இதய ஐசியூ நர்ஸ், லாஸ்பேட்டை

டென்னி டூகெட்டை எந்தக் காட்சியில் நம்பினீர்கள், எந்தக் காட்சியில் தலையில் அடித்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விஷயம் மட்டும்.

பார்க்காதவர்களுக்கு: 'கிரேஸ் அனாடமி' என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரின் 2ஆம் சீசனில், 2006 தொடக்கத்தில் வந்து சேரும் நோயாளி. ஜெஃப்ரி டீன் மார்கன் நடித்தது. வைரஸ் தாக்கி இதயத் தசை தொய்ந்துபோய், மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர். இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைத் தள்ளிக்கொடுக்கும் எல்வேட் என்கிற பம்பை உடம்புக்குள் வைக்கிறார்கள். பயிற்சி டாக்டர் இஸ்ஸிக்கு அவர்மேல் காதல். பட்டியலில் அவரை முன்னுக்குக் கொண்டுவர, அந்தப் பம்பின் வயரையே கத்தரித்துவிடுகிறாள். இதயம் கிடைக்கிறது. ஆனால் தையல் போட்ட இடத்தில் உண்டான ரத்தக்கட்டி மூளைக்குப் போய் ஆள் முடிந்துவிடுகிறார். அந்த சீசனின் கடைசி எபிசோட் 2006 மே 15இல் ஒளிபரப்பானது.

என் கட்சி இது: அவர் திரும்பத் திரும்ப அட்மிட் ஆவது அப்படியே நிஜம். இதயம் பலவீனமானவர்கள் ஒரு தடவை வந்து குணமாகிப் போகிறவர்கள் இல்லை. நுரையீரலில் நீர் கோத்து வருவார்கள், ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புவோம், மறுபடி வருவார்கள். காரணம் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் இருக்கும். உப்பைக் குறைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு ஒரு வேளை கருவாட்டுக் குழம்பு, கூடவே ஊறுகாய். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்து எழுதிவைக்கச் சொல்கிறோம். இன்னொரு அடையாளம் தலையணை. ஒன்று வைத்துத் தூங்கியவர் மூன்று வைத்தால், பிறகு உட்கார்ந்தே தூங்கினால், மறுநாள் காஷுவாலிட்டிக்கு வந்துவிடுவார். டென்னியை எப்போதும் சாய்வாக உட்காரவைத்தே காட்டுவார்கள், கவனித்தீர்களா? அந்த ஒரு விஷயத்தை யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

பெர்ஃப்யூஷனிஸ்ட், முத்தியால்பேட்டை

இதய ஆபரேஷனில் ரத்தத்தை ஓட்டும் மிஷினைப் பார்த்துக்கொள்பவன் நான். சிஸ்டர் காத்திருப்பைப் பாராட்டிவிட்டார். நான் வயருக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் நினைவிருப்பது அதுதான்.

2006இல் அமெரிக்காவில் பரவலாக வைத்துக்கொண்டிருந்த எல்வேட் ஹார்ட்மேட் எக்ஸ்விஇ. ஒரு கிலோவுக்கு மேல் எடை. மேல்வயிற்றில் வைப்பார்கள். இதயம் மாதிரியே துடித்துத் துடித்துத் தள்ளும், 'டக் டக்' என்று பக்கத்துக் கட்டில்காரருக்கே கேட்கும். அதன் டிரைவ்லைன், அதாவது பம்பிலிருந்து தோலைத் தாண்டி வெளியே வரும் அந்த வயர், வெறும் மின்சார வயர் இல்லை. உள்ளே காற்றுப்போக்குக் குழாய் ஒன்றும் உண்டு, மேலே வெல்வெட் மாதிரி துணி உறை. விரல் தடிமன் இருக்கும் அதை நூலைப்போல ஒரே வெட்டில் வெட்டுவது சினிமாக் கத்தரிக்கே சாத்தியம்.

அதைவிட முக்கியம், அந்தப் பம்ப் நின்றால் என்ன செய்வது என்று தயாரித்தவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். காற்றுக்குழாயில் மாட்டிக் கையால் அமுக்கும் ஒரு பல்ப் கூடவே வரும். மோட்டார் செத்தால் அதை மாட்டி அமுக்கிக்கொண்டே இருந்தால் பம்ப் ஓடும். அது கட்டில் பக்கத்திலேயே தொங்க வேண்டிய சாமான். நண்பர்கள் மெரிடித், கிறிஸ்டினா, ஜார்ஜ் எல்லோரும் ஓடிவந்து அவரை உயிரோடு வைக்கப் போராடுகிறார்களே, அப்படிப்பட்ட காட்சியில் முதலில் கை போகவேண்டிய இடம் அந்தப் பல்ப்தான்.

இப்போதைய பம்ப்கள் வேறு ஜாதி. ஹார்ட்மேட் 2க்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது, அடுத்தது ஹார்ட்மேட் 3. இவை துடிப்பதில்லை, மின்விசிறிபோலச் சுழன்றுகொண்டே இருக்கும். ஹார்ட்மேட் 3 என்றால் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு மேல். எக்ஸ்விஇயில் வால்வு உண்டு, இவற்றில் கிடையாது. அதனால் சுழல்வது நின்றால் ரத்தம் முன்னே போகாமல் நிற்பதோடு முடியாது. மகாதமனியிலிருந்து குழாய் வழியாகவே பின்னோக்கி இடது கீழறைக்குள் திரும்பும். ஏற்கெனவே தள்ள முடியாத இதயத்துக்கு மேலும் சுமை. நுரையீரல் நீரில் மூழ்குவது அதனால்தான்.

இன்னொன்று. நின்ற பம்புக்குள் ரத்தம் தேங்கினால் உறையும். ரொம்ப நேரம் நின்றதை யோசிக்காமல் ஓட்டினால் அந்தக் கட்டி நேரே மூளைக்குப் போகும். கதாசிரியர்கள் டென்னியைப் பக்கவாதத்தில் கொல்லத்தான் போகிறார்கள் என்றால், காரணம் அவர்கள் கையிலேயே இருந்தது: இஸ்ஸி வெட்டிய வயர். அதை விட்டுவிட்டு, நல்லபடியாகத் தைத்த புது இதயத்தின் தையல்மேல் பழியைப் போட்டார்கள்.

வாசகர், நெல்லிக்குப்பம்

சார், ஒரு சந்தேகம். இந்தப் பம்ப் வைத்தவருக்கு நாடியே இருக்காது என்கிறார்களே, நிஜமா?

பெர்ஃப்யூஷனிஸ்ட், முத்தியால்பேட்டை

சுழலும் வகையில் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது தம்பி. சாதாரண பிபி மிஷினும் பல சமயம் 'எரர்' காட்டும். முழங்கையில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்து, கஃப்பை ஏற்றி இறக்கி, 'உஸ் உஸ்' சத்தம் திரும்பும் எண்ணைக் குறித்துக்கொள்வோம். 70 முதல் 90க்குள் இருக்கவேண்டும். நாடி இல்லை என்று யாராவது பதறிப்போய் நெஞ்சை அமுக்கத் தொடங்கும் முன், மேல்வயிற்றில் ஸ்டெத் வைத்து மோட்டார் ரீங்காரம் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். டென்னிக்கு இருந்தது துடிக்கும் வகை என்று வைத்துக்கொண்டால் அவருக்கு நாடி உண்டு. அங்கே தொடரைக் குறை சொல்ல முடியாது.

பயோமெடிக்கல் இன்ஜினியர், மஞ்சக்குப்பம்

வயரை வெட்ட ஆள் தேவையில்லை, எங்கள் ஊரில் புயலே போதும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்தது. கம்பம் சாய்ந்து, கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் பாண்டிப் பக்கம் வந்து தெருவெல்லாம் தண்ணீர். டென்னி மாதிரி ஒருவர் இங்கே வீட்டில் இருந்தால் கணக்கு இப்படிப் போடவேண்டும்.

ஹார்ட்மேட் 3க்கு ஒரு ஜோடி பேட்டரி நன்றாக இருந்தால் 17 மணி நேரம் வரை வரும். பழையதானால், ஆள் நடமாடினால், குறையும். நாலு ஜோடி இருந்தாலும் மூன்று நாளைத் தாண்டாது. சார்ஜ் ஏற நாலு மணி நேரம். அதற்கு இன்வெர்ட்டர் போதும், ஆனால் இன்வெர்ட்டரே இரண்டாம் நாள் செத்துவிடும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே எல்லா ஜோடியையும் முழுசாக ஏற்றிவைத்து, ஜெனரேட்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆளை முன்கூட்டியே மாற்றிவிடுவதுதான் புத்தி. தண்ணீர் ஏறியபின் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வராது.

பேட்டரி மாற்றும்போது நடக்கும் தப்பு ஒன்றே ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துக் கழற்றுவது. ஒன்றைக் கழற்று, புதியதை மாட்டு, 'கிளிக்' கேட்டதா பார், பிறகுதான் மற்றது. இரண்டும் போனால், பம்பை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி 15 நிமிடம் தாங்கும், அலாரம் காதைக் கிழிக்கும். இந்தக் காலத்து இஸ்ஸி வெட்ட நினைத்தால் அந்தச் சத்தத்துக்கே மாடி முழுக்க ஓடிவந்துவிடும். ரகசியமே சாத்தியமில்லை.

இன்னொரு சின்ன விஷயம். வயிற்றில் வயர் வெளியே வரும் இடம். டென்னியின் சட்டைக்குள் அது எப்படிக் கட்டியிருக்கிறது என்று ஒரு தடவையாவது காட்டியிருக்கலாம். அந்த வயர் ஆடக்கூடாது. ஆடினால் தோல் ஒட்டாது, ஒட்டாத இடத்தில் சீழ் பிடிக்கும். பெல்ட்டோ பிசின் பட்டையோ போட்டு ஒரு சின்ன வளைவு விட்டு ஒட்டவேண்டும். யாராவது தெரியாமல் இழுத்தாலும் இழுப்பு பட்டையோடு நிற்கும், தோலுக்குப் போகாது. நம் ஊர் வேர்வைக்கு அந்தப் பட்டை சித்திரை மாதத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. கடல் குளியல், கிணற்றுக் குளியல், தொட்டிக் குளியல் எதுவும் கிடையாது.

உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர், பாண்டி

பதினேழு வினாடிக்கு யாரும் வரவில்லையே. டென்னியும் வேறொரு ஆஸ்பத்திரி நோயாளியும் ஒரே நிலையில் இருக்க, அந்த இன்னொருவர் 17 வினாடி முன்னால் பதிவானவர் என்பதால் இதயம் அவருக்கு என்கிறார்கள். அதனால்தான் இஸ்ஸி வெட்டுகிறாள். அபத்தம்போலத் தோன்றினாலும் விதி அப்படித்தான்: ஆபத்து நிலை, ரத்தப் பிரிவு, உடல் அளவு, தூரம் எல்லாம் சமமாக வந்தால் காத்திருந்த நேரம். அமெரிக்காவில் அப்போது 1ஏ, 1பி, 2 என்று நிலைகள், 2018இல் ஆறு படியாக மாற்றினார்கள். பம்ப் நன்றாக ஓடினால் நிலை கீழே, பம்பால் சிக்கல் வந்தால் மேலே. இஸ்ஸியின் குற்றத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு சரி. அதை யாரோ படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கதை நம் பக்கம் நடந்தால் சிக்கல் கடிகாரத்தில் வரும். தானம் கொடுப்பவரின் மகாதமனியில் கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்திய நொடியிலிருந்து, பெறுபவரின் உடம்பில் ரத்தம் மறுபடி பாயும் வரை சுமார் 4 மணி நேரம்தான் இதயம் தாங்கும். தைக்க மட்டும் ஒரு மணி நேரம். மீதி மூன்று. பாண்டியிலிருந்து சென்னை 150 கிலோமீட்டர், ஈசிஆரில் போலீஸ் வழிவிட்டால் முடியும். கடலூரிலிருந்து என்றால் இடையில் பாண்டி நெரிசல் வேறு, ஒரு ரயில்வே கேட் மூடினாலும் போச்சு. இதயம் போவது ஐஸில் நேரடியாக அல்ல. குளிர்ந்த கரைசலில், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஸ்டெரைல் பை, அதற்கு வெளியேதான் ஐஸ். நேராக ஐஸ் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும்.

தொடரில் கண்டுகொள்ளாத ஒன்று: ஏற்கெனவே பம்ப் வைத்த நெஞ்சை மறுபடி திறப்பது. உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கவே கூடுதலாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். அதனால் இங்கே நெஞ்சைத் திறந்து தயாராகும் நேரத்தைக் கணக்கிட்டுத்தான் அங்கே கிளாம்ப் போடுவார்கள். இரண்டு தியேட்டருக்கும் நடுவே போன் ஓயாது.

சட்டப்படி நம் நாட்டில் மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் சேர்ந்து உறுதிசெய்யவேண்டும். 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதனை. மாற்று அறுவை செய்யும் குழுவினர் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. 1994 உறுப்பு மாற்றுச் சட்டம். டென்னிக்கு வைத்தியம் பார்க்கும் ஆளே அவரைக் காதலிப்பது, பட்டியலைக் கையாள்வது, இதெல்லாம் எந்தக் காலத்திலும் எங்கும் நடக்கக் கூடாது என்பதற்குத்தான் அப்படி ஒரு பிரிவினை. தமிழ்நாட்டில் 2023இலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. தொடரில் அந்த இதயத்தின் சொந்தக்காரரைப் பற்றி யார் பேசினார்கள்?

இதய ஐசியூ நர்ஸ், லாஸ்பேட்டை

கடைசிக் காட்சி என் டிபார்ட்மென்ட், நான்தான் சொல்லவேண்டும்.

புது இதயம் வைத்தவர் அறையில் தனியாகக் கிடக்கிறார், இஸ்ஸி நடன விருந்துக்கு கவுன் போட்டுக்கொண்டு வருவதற்குள் இறந்துவிடுகிறார். அந்தக் கட்டிலைச் சுற்றி என்னவெல்லாம் இருந்திருக்கவேண்டும் தெரியுமா? கழுத்தில் ஒரு குழாய், மணிக்கட்டில் பிபி பார்க்க ஒரு குழாய், நெஞ்சுக்குக் கீழே ரத்தம் வடிய இரண்டு மூன்று டிரெயின் குழாய், இதயத்துடிப்பைத் தூண்டத் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பேஸிங் வயர்கள், நாலைந்து சிரிஞ்ச் பம்ப். மூச்சுக்குழாயை எடுத்திருந்தாலும் ஒரு நர்ஸ் அந்தக் கட்டிலை விட்டு நகரமாட்டார். மணிக்கொரு தடவை கண்மணி, கை கால் அசைவு, சிறுநீர் அளவு, டிரெயினில் எத்தனை மில்லி. டிரெயின் சட்டென்று நின்றுபோனால் நிம்மதி இல்லை, பயம். உள்ளே கட்டிப்போய் இதயத்தைச் சுற்றி ரத்தம் நெருக்குகிறதோ என்று.

மாற்று இதயத்துக்கு மூளையிலிருந்து வரும் நரம்புத் தொடர்பு கிடையாது, வெட்டியாகிவிட்டது. அதனால் அது சும்மா இருந்தாலே நிமிடத்துக்கு 90, 100 என்று வேகமாக ஓடும். மூளையில் ரத்தக்கட்டி அடைத்தால் அந்த நரம்பு வழியாக இதயத்தை நிறுத்த முடியாது. முதலில் ஒரு பக்கம் இழுக்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். பெரிய அடைப்பானால் மூச்சு கெடும், பிறகுதான் இதயம். அதற்கு மணிக்கணக்கில் நேரம் இருக்கும், ஸ்கேனுக்குக் கொண்டுபோகலாம். ஒரே நொடியில் கோடு நேராவது கேமராவுக்காக.

பெர்ஃப்யூஷனிஸ்ட், முத்தியால்பேட்டை

சரி சிஸ்டர், ஆனால் கோடு நேராகாமல் ஒன்பது மணி நேரம் ஸ்கேன் ரூம் வாசலில் காத்திருக்கும் காட்சியை யார் பார்ப்பார்கள்?

இதய ஐசியூ நர்ஸ், லாஸ்பேட்டை

நோயாளியின் வீட்டார் தினமும் பார்க்கிறார்களே சார்.

5ஆம் சீசனில் டென்னி மறுபடி வருகிறாரே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்ஸியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார். பேய்க்கதை ஆக்கிவிட்டார்கள் என்று பலர் சலித்துக்கொண்டார்கள். காரணம் அவள் மூளைக்குப் பரவிய மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். இல்லாத ஆளைப் பார்ப்பது, தொட்டு உணர்வது எல்லாம் மூளைக்கட்டியில் வரக்கூடியதுதான். உயிரோடு இருந்தபோது கத்தரிக்கோலும் கவுனுமாக அவரைக் கொன்றவர்கள், செத்தபின் அவரை ஒரு நோயின் அறிகுறியாகச் சரியாகப் பயன்படுத்தினார்கள். நெல்லிக்குப்பம் தம்பி, பார்க்கத் தொடங்குவதானால் 2ஆம் சீசனின் நடுவிலிருந்து பாருங்கள். வயர் காட்சி வரும்போது கட்டில் பக்கத்தில் அந்தக் கைப்பல்ப் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.