குளவி கூடு கட்டிய கிட்டார்: முட்டத்திலிருந்து வந்த பழைய செமி ஹாலோவைச் சரிசெய்த அனுபவம்

நாகர்கோவிலிலிருந்து:

போன ஆனி மாதம் முட்டத்தில் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். முன்னறைச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு கிட்டார் தொங்கியது. கறுப்புப் பெயிண்ட், அதுவும் இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமல், பிரஷ் இழுத்த கோடு கூடத் தெரிந்தது. ஆனால் மேலே இரண்டு பக்கமும் வளைந்த கொம்பும், எஃப் எழுத்து வடிவில் இரண்டு ஓட்டைகளும் கண்ணில் பட்டதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுப் பாட்டாவுக்கு 78 வயது. கப்பலில் வேலை பார்த்தவர், 70களில் சிங்கப்பூரில் வாங்கியது. ஊருக்கு வந்த பிறகு 20 வருடம் கோயில் பாடல் குழுவில் இதைத்தான் வாசித்திருக்கிறார். ஒரு நாள் சத்தம் விட்டுவிட்டு வர ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார், திரும்பி வந்தபோது சத்தமும் சரியாகவில்லை, உடம்பும் கறுப்பாகிவிட்டது. அன்றைக்கு ஆணியில் மாட்டியதுதான்.

"நான் சரிபண்ணித் தாறேன் பாட்டா" என்றேன். "எடுத்துட்டுப் போ மக்களே, ஆனா இப்ப முடியாது" என்று கீழ்ப்பக்கத்து எஃப் ஓட்டையைக் காட்டினார். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. வீட்டில் பேத்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் கூட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று வந்துவிட்டேன். ஆவணியில் பெண்பிள்ளை பிறந்தது. அடுத்த வாரமே பாட்டா போன் பண்ணினார், ஞானஸ்நானத்துக்கு வாசிக்க வேண்டும், அதற்குள் முடியுமா என்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுக்கக் குடைவான எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் ஒலி உடம்புக்குள் புகுந்து ஊளையிட ஆரம்பிக்கும். அதைத் தடுக்க கிப்சன் கம்பெனி 1958-ல் இ.எஸ். 335 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் குடைவு, நடுவில் மட்டும் கெட்டியாக ஒரு மேப்பிள் கட்டை. அதுதான் செமி ஹாலோ. 70களில் ஜப்பானில் இதே உருவத்தில் ஏராளமாகச் செய்தார்கள். பாட்டாவுடையது அந்த வகை. தலையில் இருந்த பெயர் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. கழுத்தின் பின்னால் இருக்கிற தகட்டில் 'ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக், மேட் இன் ஜப்பான்' என்று மட்டும் இருந்தது. கிப்சனில் கழுத்தை ஒட்டியிருப்பார்கள், இதில் நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள். இந்த மாதிரி காப்பிகள் சிலவற்றில் நடுக்கட்டையே இருக்காது. பல் டாக்டர் வைத்திருக்கிற சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தேன். இருந்தது, கழுத்திலிருந்து வால் வரைக்கும். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

குளவிக்கூட்டைத் தண்ணீர் தொடாமல் மூங்கில் ஈர்க்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து எடுத்தேன். ஒரு கைப்பிடி மண் வந்தது. மண் ஒட்டியிருந்த இடத்தில் ஈரம் தங்கி, ப்ளைவுட்டின் உள் அடுக்கு ஒரு தீப்பெட்டி அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. ஊரில் ஒரு ஆசாரியிடம் காட்டினேன். அவர் வஜ்ஜிரப் பசை காய்ச்சி, மெல்லிய தகடு வைத்து உள்ளே தள்ளி, ஓட்டை வழியாகவே கிளாம்ப் போட்டுக் கொடுத்தார். பின்னால் வேறு யாராவது திறக்க வேண்டி வந்தால் சூடும் ஈரமும் காட்டினால் விட்டுவிடும், அதனால்தான் வஜ்ஜிரம் என்றார். எபாக்சி போட்டிருந்தால் அந்த வசதி கிடையாது.

அடுத்தது வயரிங். இந்த வகைக் கிட்டாருக்குப் பின்னால் மூடி கிடையாது. சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கத் திருப்புகிற நான்கு கண்ட்ரோல், ஒரு சுவிட்ச், வயர் செருகுகிற ஒரு ஜாக், எல்லாமே எஃப் ஓட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், உள்ளே போகவும் அதே வழிதான். வெளியே எடுப்பது சுலபம். திரும்ப அதனதன் துளையில் உட்கார வைப்பதற்குள் அழுகையே வந்துவிடும். நான் செய்தது இதுதான்: ஒவ்வொரு கண்ட்ரோலையும் கழற்றுவதற்கு முன்னால் அதன் தண்டில் மீன்வலைக்கு வாங்குகிற தங்கூஸ் நரம்பைக் கட்டிவிட்டு, நட்டைக் கழற்றி உள்ளே தள்ளி, எஃப் ஓட்டை வழியாக இழுத்தேன். நரம்பின் மறுமுனை மேல்துளையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் அதைப் பிடித்து இழுத்தால் கண்ட்ரோல் தானாகத் தன் வீட்டுக்கு வந்துவிடும். முடிச்சு நழுவிய ஒன்றுக்கு மட்டும் கொத்தனார் தண்ணீர் மட்டம் பார்க்கிற டியூபை ஒரு முழம் வெட்டி, தண்டில் இறுக்கமாகச் செருகி இழுத்தேன். உண்மையில் நரம்பை விட அது நன்றாக வேலை செய்தது. முதல் தடவை மதியம் தொடங்கி ராத்திரி பத்து மணி ஆனது. ஒரு வயரைத் தப்பாக வைத்து மறுநாள் மறுபடி இழுத்தபோது முக்கால் மணி நேரம்தான்.

கண்ட்ரோல்களை மாற்றவில்லை. காண்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது தடவை திருப்பினேன், கரகரப்பு போய்விட்டது. பழைய ஆள் செய்த வேலைதான் உள்ளே நிறைய இருந்தது. கம்பிகள் உட்காருகிற பிரிட்ஜுக்குப் போகிற எர்த் வயரை வெட்டி அப்படியே விட்டிருந்தார். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும் என்றால் அந்த வயர் வேண்டும். கழுத்தைக் கழற்றினால் அடியில் நான்காக மடித்த காலண்டர் அட்டை. அதை எடுத்துவிட்டு அதே கனத்துக்கு ஈட்டி மரத்தில் சீவிய தகடு வைத்தேன். கழுத்து ஸ்குரூ ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை, சால்டரிங் அயனை அதன் தலையில் இரண்டு நிமிடம் வைத்து, சூடு ஆறியதும் திருப்பினேன், வந்துவிட்டது.

கடைசியாகப் பெயிண்ட். முதலில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்) வளையத்துக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் பஞ்சில் தின்னர் தொட்டு வைத்துப் பார்த்தேன். எனாமல் சுருண்டது, அடியிலிருந்த கம்பெனி பூச்சு அசையவில்லை. நைட்ரோ செல்லுலோஸ் லாக்கராக இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்திருக்கும், அதனால் நேரடியாக உடம்பில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஹேர் டிரையரில் சூடு காட்டி, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டி, மிச்சத்தை டர்பன்டைனில் துடைத்தேன். நான்கு நாள் ஆனது. ஓரத்தில் கருஞ்சிவப்பு, நடுவில் தேன் நிறம். மேல்விளிம்பில் வலது முழங்கை படுகிற இடம் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து மரம் தெரிந்தது. பார்த்த எல்லாரும் அந்த இடத்துக்கு டச்சப் பண்ணச் சொன்னார்கள். நான் பண்ணவில்லை. பாட்டாவின் 20 வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அந்தக் கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தக்கலையிலிருந்து:

அண்ணே, படிக்கப் படிக்க எனக்கு என் கதைதான் ஞாபகம் வந்தது. என்னிடம் இருப்பது முழுக் குடைவு, நடுக்கட்டை இல்லாதது, சித்தப்பா தந்தது. எஃப் ஓட்டைக்குள் மக்கிப்போன துணி கிடந்தது, பழைய துவர்த்தைக் கிழித்து அடைத்தது போல இருந்தது. ஏதோ எலி இழுத்துப் போட்டது என்று நினைத்து மொத்தத்தையும் எடுத்து எரித்துவிட்டேன். அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் சத்தத்தைக் கூட்டினதும் போட்டது பாருங்கள் ஒரு ஊளை, பாடகர் குழுவே நின்றுவிட்டது. சித்தப்பாவிடம் சொன்னபோதுதான் தெரிந்தது, அதை அடைத்ததே அவர்தானாம். பி.பி. கிங் கூட இப்படித்தான் ஓட்டைக்குள் துணி அடைத்து வாசித்தார் என்று பிறகு படித்தேன். இப்போது என் கிட்டாரில் புதுத் துவர்த்து இருக்கிறது. பழைய வாத்தியத்தில் குப்பை மாதிரி ஏதாவது கிடந்தால், அதை வைத்தவர் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

தம்பி, நல்ல வேலை பண்ணியிருக்கிறீர்கள். பிக்கப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஒரு பையன் கிட்டார் பிக்கப் கொண்டுவந்தான், 42 கேஜ் (கம்பியின் கனத்தைச் சொல்கிற எண்) கம்பி சுற்ற வேண்டும் என்று இணையத்தில் பார்த்திருக்கிறான். நானும் கடையில் 42 வாங்கிச் சுற்றினேன். பாதிச் சுற்று முடிவதற்குள் பாபின் நிரம்பி வழிந்தது. அந்த 42 அமெரிக்கக் கேஜ், 0.063 மில்லிமீட்டர். நாம் இங்கே கேட்டு வாங்குவது பழைய பிரிட்டிஷ் கேஜ், எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம்ம கணக்கில் 46 வாங்கினால்தான் கிட்டத்தட்ட சரியாக வரும். தலைமுடி மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் அறுந்துவிடும். ஒரு கம்பிச்சுருளையே வீணாக்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன், நம்ம பிள்ளைகள் யாரும் கேஜ் நம்பரைச் சொல்லி வாங்காதீர்கள், மில்லிமீட்டரைச் சொல்லுங்கள்.

குளச்சலிலிருந்து:

அண்ணா, ஞானஸ்நானத்துக்குள் முடிந்ததா இல்லையா, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! இன்னொரு சந்தேகம், எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இருநூறு அடிதான், கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டால் இரண்டு வாரத்தில் சொரசொரப்பாகிவிடுகிறது. இதற்கு வழி இருக்கிறதா?

நாகர்கோவிலிலிருந்து:

மார்த்தாண்டத்து அண்ணன் கேட்டதும் தங்கச்சி கேட்டதும் ஒரே விஷயம்தான். ஞானஸ்நானத்துக்குள் முழுசாக முடியவில்லை. கழுத்துப் பக்கத்துப் பிக்கப் மல்டிமீட்டரில் 7.6 கிலோ ஓம் காட்டியது, நல்ல ஆரோக்கியம். பிரிட்ஜ் பக்கத்தது ஓபன், அதாவது உள்ளே எங்கோ கம்பி விட்டிருக்கிறது. அதன் மூடியை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள், அவசரத்தில் திறந்து இருப்பதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயம். அதனால் ஒரு பிக்கப்போடுதான் கொடுத்தேன். பாட்டா அதை வைத்தே வாசித்தார். இடது கை விரல் முன்னைப் போல மடங்கவில்லை, ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பாரே கார்டு எதுவும் பிடிக்கவில்லை, மூன்று கம்பியில் மட்டும் வைத்து மெதுவாக வாசித்தார். கழுத்துப் பிக்கப்பின் உருண்டையான சத்தம் அந்தக் கோயிலின் எதிரொலிக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பேத்தி குழந்தையோடு முதல் பெஞ்சில் இருந்தாள்.

பிறகு ஐப்பசி மழையில் வேலை இல்லாத ஒரு நாள் அந்தப் பிக்கப்பைத் திறந்தேன். உள்ளே இரண்டு காயில். ஒன்று 3.8, மற்றதுதான் ஓபன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெளிச்சுற்று முடிந்து வயரோடு சேர்கிற இடத்தில் பச்சைக் களிம்பு, தொட்டதும் உதிர்ந்தது. உப்புக்காற்றுதான். ஒரு சுற்றைப் பிரித்து, நுனியில் ஈயம் பிடிக்க வைத்துச் சேர்த்தேன். ஆயிரக்கணக்கான சுற்றில் ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. உள்சுற்றில் அறுந்திருந்தால் மார்த்தாண்டத்துக்குத்தான் வந்திருப்பேன் அண்ணே.

தங்கச்சி, வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடை, வியர்வையும் உப்பும் சேர்ந்துதான் தின்கிறது. கோட்டிங் உள்ள கம்பி விலை அதிகம், ஆனால் உங்கள் ஊருக்கு அது கட்டுப்படியாகும். சுவரில் மாட்டாதே. நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, சுவர் எப்போதும் ஈரம் கக்கும். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு வை. துருவைத் தேய்க்க ஸ்டீல் உல் எடுத்தால் பிக்கப்பை டேப் போட்டு மூடிவிட்டுத் தேய், இல்லாவிட்டால் தூள் முழுக்கக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுக்கவே முடியாது.

இதையெல்லாம் பாட்டாவிடமும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போன வாரம் போனபோது கிட்டார் அதே ஆணியில், மாதா படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஓட்டைக்குக் கொசுவலைத் துணியாவது ஒட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார், இளைய பேத்திக்குத் தை மாதம் கல்யாணமாம், குளவி வந்தால் வரட்டுமாம்.