மூச்சு முட்டும் அப்பாவை நடக்க விடலாமா?

கோண்டாவில் மகள்:
அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாட்பட்ட நுரையீரல் நோய்). ஒழுங்கை முடிவு வரை போனாலே இளைக்கிறது. இப்போது விறாந்தைக் கதிரையை விட்டு எழும்புவதே இல்லை. நடக்கச் சொல்வதா, பேசாமல் இருக்க விடுவதா?

பண்ணைக்கரை:
தங்கச்சி, அப்படியே இருக்க விடாதீங்கோ. எனக்கும் இதே வருத்தம்தான். இருந்தபடியே இருந்தால் கால் தசை மெலியும். மெலிந்த தசைக்கு அதே வேலையைச் செய்யக் கூடுதல் மூச்சு வேண்டும், இளைப்பு இன்னும் கூடும். நான் காலையில் பண்ணைக் கடற்கரையில் நடக்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஏற்ற இறக்கம் இல்லாதது பெரிய உதவி. மூக்கால் மூச்சை எடுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து, எடுத்ததைவிட இருமடங்கு நேரம் மெல்ல விடவேண்டும். முதலில் கதிரையிலேயே பழக்குங்கோ. நடக்கும்போது வசனமாகப் பேச ஏலாமல் ஒற்றைச் சொல்தான் வருகிறதென்றால், மதிலில் கை ஊன்றி முன்னுக்குச் சாய்ந்து நிற்கட்டும். அயலில் குப்பை எரிக்கிற நேரம் மட்டும் வெளியே விடவே வேண்டாம்!

பிசியோ தம்பி:
அண்ணை சொன்னது சரி. கதிரையிலிருந்து திரும்பத் திரும்ப எழும்பி உட்காருவதும் நல்ல பயிற்சி. நீலப் பம்பை (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை) நடைக்கு 10–15 நிமிடம் முன் அடிக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கோண்டாவில் மகள்:
நன்றி அண்ணை, தம்பி. அப்பாவுக்குக் காலையில் சளி அதிகம். பின்னேரம் நடந்தால் பரவாயில்லையா?

பண்ணைக்கரை:
எந்த நேரம் மூச்சு லேசோ அந்த நேரம் நடக்கட்டும். மழை என்றால் விறாந்தையே போதும்.