விறாந்தையில் நாதஸ்வரமும் தவிலும் பதிந்த அனுபவம்

வீட்டிலயே இசை பதிகிற ஆக்கள் எல்லாரும் குரலும் கிற்றாரும் பதிந்த கதைதான் எழுதுறீங்கள். நான் வீட்டுக் கொம்பியூட்டரில் பதிகிறது நாதஸ்வரமும் தவிலும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை இன்றைக்கும் பழைய கச்சேரிப் பதிவுகளில்தான் கேட்கிறோம். இரைச்சல் இருந்தாலும் அதில் எல்லாரும் ஒன்றாக இருந்து வாசிக்கிறார்கள். எனக்கு அதுதான் வேணும்.

போன திருவிழாக் காலம் முடிய, அளவெட்டியில் இருந்து ஒரு நாதஸ்வரக்காரரும் தவிலுக்கு அவரின் மகனும் வந்தார்கள். எங்கட ஹோல் சீமெந்து நிலம், வெறுஞ்சுவர். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி தொடங்கின உடனே தவிலின் சொற்கட்டு ஒன்றுக்குள் ஒன்று கரைஞ்சு போச்சு. உடனே வளவைப் பார்த்த விறாந்தைக்கு மாறினோம்.

மைக்கை நாதஸ்வரத்தின் விரிந்த அடிமுனையான அணசுக்கு முன்னால் வைக்காமல், ஒரு ஆள் தூரம் எட்டி, விரல் துளைகளைப் பார்த்தபடி வைத்தேன். நாதத்தின் பெரும்பங்கு திறந்திருக்கிற துளைகளால்தான் வெளியே வரும். அணசுக்கு நேரே கூர்ச்சத்தம் தூக்கலாக விழும்.

"கிட்ட இருக்க வேண்டாமோ தம்பி?"

"ரெண்டு மாதிரியும் எடுப்பம், கேட்டுப் பாத்துச் சொல்லுங்கோ ஐயா."

நாதஸ்வரக்காரர் ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். எட்டி வைத்ததுக்கு வந்ததும், "உதுதான் என்ர வாசிப்பு. மற்றதில சீவாளிதான் கத்துது" என்றார். வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டுதான் சீவாளி.

தவிலுக்கு விரலால் வாசிக்கிற வலந்தலையில் ஒரு மைக், தடியால் அடிக்கிற தொப்பியில் ஒரு மைக். பதிகிற மென்பொருளான ரீப்பரில் ஒரு ட்ராக்கின் பேஸை (phase), அதாவது ஒலி அலையை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கோ, எந்த நிலையில் தொப்பியின் அடித்தொனி நிறைவாக நிற்குதோ அதை வைத்துக்கொள்ளுங்கோ. 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நின்றாலே தாராளம்; தனி ஆவர்த்தனத்தில் தவில் எங்கே ஏறும் என்று சொல்லேலாது. 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கோ. எனக்கு அதோடயே நின்றது.

ஆளை ஆள் பிரித்துத் தனித்தனியாகப் பதியச் சொல்லிப் பலர் சொல்லுவினம். சுத்தமாக வரும், உண்மை. ஆனால் அப்பா மூச்செடுக்கிற இடத்தில் மகன் கையை அடக்கினதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஆளுக்கொரு அறையில் இருந்தால் அது நடக்காது. நாதஸ்வர மைக்கில் தவில் கசிந்தால் கசியட்டும், தாளத்துக்கு டிக் டிக் என்று ஓடுகிற கிளிக் ட்ராக்கும் வேண்டாம்.

மிக்சிங்கில் பெரிசாக ஒன்றும் செய்யேல்லை. நாதஸ்வரத்தில் 3 கிலோஹேர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் குறைத்தேன். தவிலின் கூடின சத்தத்தை அடக்குகிற கொம்பிரெசருக்கு அற்றாக், அதாவது அது அடக்க எடுக்கிற நேரம், 30 மில்லிசெக்கன். அதைவிடச் சுருக்கினால் விரலில் மாட்டுகிற கூடு வலந்தலையில் விழுகிற அந்த 'டக்' செத்துப்போகும். எதிரொலி சேர்க்கிற ரிவேர்ப் அறவே இல்லை. ஆலாபனைக்கு நடுவில் ஒழுங்கையால் போன லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் வேறு எடுப்பால் மாற்றினேன், காகத்தை விட்டிட்டேன்.

பறை பதிந்த ஆக்கள் இருந்தால் மைக் எவ்வளவு தூரம் வைத்தீங்கள் என்று எழுதுங்கோ. அடுத்ததாக அதைத்தான் பதிய இருக்கிறன்.