நைஜீரியாவில் சத்தியமும் காவலும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஓட்டா பொறியாளர்

தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா மக்கள் வாழும் ஊர்களில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் இரும்புக்குத் தெய்வமான ஓகுன் யார், இரும்பின் மேல் ஏன் சத்தியம் செய்கிறார்கள் என்றெல்லாம் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லப் போவதில்லை. ஒரு காலை மட்டும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதை எழுதுகிறேன்.

நான் இருந்த ஆலையில் ஜெனரேட்டர் டீசல் திருடு போய்க்கொண்டே இருந்தது. போலீஸைக் கூப்பிட்டால் இரவு ஷிப்டில் இருந்த அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று மேனேஜர் தயங்கினார். மெஷின் ஷாப்பின் மூத்த ஃபோர்மேன், எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம், "ஒகா (முதலாளி), நாளைக் காலை அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள்" என்றார். மறுநாள் லேத் பக்கத்தில் கட்லஸ் என்கிற பழைய வெட்டுக்கத்தி ஒன்றையும் உடைந்த ஷாஃப்ட் துண்டையும் வைத்தார். ஒவ்வொருவரும் வந்து இரும்பில் உதட்டை வைத்து, நான் எடுத்திருந்தால் ஓகுன் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வேண்டும். வரிசையில் முஸ்லிம்கள் இருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

ஒரு பையன் குனிந்தான். இரும்புக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இருக்கும்போது அப்படியே நின்றுவிட்டான். மெஷின்களை எல்லாம் நிறுத்தியிருந்தோம், அவன் எச்சில் விழுங்கியது எனக்கே கேட்டது. பிறகு நிமிர்ந்து, எங்கள் சபையில் இதற்கு இடமில்லை, பைபிள் கொடுங்கள் என்றான். பின்னாலிருந்து யாரோ 'ஓலே' என்றார்கள். திருடன் என்று அர்த்தம், அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும் அந்தச் சொல் எவ்வளவு ஆபத்தானது என்று. பாபா கையை உயர்த்தி அமர்த்திவிட்டு, இன்னொருவரிடமிருந்து பைபிள் வாங்கி அவனிடம் நீட்டினார். அவனும் சத்தியம் செய்தான்.

திருட்டு நின்றது. யார் எடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாபா நினைக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பையனிடம் அதற்கப்புறம் ஒருவரும் சரியாகப் பேசவில்லை, சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டான். குற்றம் செய்ததால் நின்றானா, தன் சபைக்குப் பயந்து நின்றானா? இதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

செல்வி டீச்சர்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஆலே, அதாவது பொருளைத் தொடாதே என்று கட்டித் தொங்கவிடுகிற காவல் குறி, ஞாபகம் வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் எண்ணெய்ப் பணம் ஓடிய காலத்தில் இங்கிருந்து ஆசிரியர்களை நிறைய எடுத்தார்களே, அப்படிப் போனவள் நான். இபாடானுக்கு வெளியே ஒரு சின்ன ஊர்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் காட்டு ஓரமாக விறகு அடுக்கி வைத்திருப்பார்கள், கருணைக்கிழங்கு மாதிரி பெரிய பெரிய யாம் கிழங்கும் குவித்திருக்கும். ஆள் இருக்காது, வேலி இருக்காது. ஒரு குச்சியில் கிழிந்த சிவப்புத் துணி, தேய்ந்த துடைப்பம், காலி நத்தை ஓடு, உதிர்த்துப்போட்ட சோளத்தண்டு இப்படி எதையாவது கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அவ்வளவுதான் காவல். என் மகள் அப்போது சின்னவள், நத்தை ஓடு அழகாக இருக்கிறதென்று கை நீட்டினாள். எதிரே தலையில் கூடையோடு வந்த ஒரு அம்மா, கூடை ஆடக்கூட இல்லை, ஒரே எட்டில் வந்து பிள்ளையின் கையில் சுள்ளென்று ஒரு அடி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா சொன்னார், ஓட்டுக்குள் நத்தை இல்லாதது மாதிரி எடுத்தவன் வீட்டில் ஒன்றும் தங்காது என்பதுதான் அதன் சேதி என்று. பூட்டு என்றால் திருடனுக்குத் தடை, உடைத்துவிட்டால் தீர்ந்தது. ஆலே அவனோடு வீட்டுக்கே கூடப் போகிறது. எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், விறகு ஒன்று குறைந்து நான் பார்த்ததில்லை.

லாகோஸ் ராஜா

டீச்சர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை இப்படி அழகாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. நான் லாகோஸில் பஸ் ஸ்டாப் ஒன்றில் கூட்டம் ஒருவனைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். பர்ஸ் திருடினானாம். அவனைக் கொளுத்த, டன்ஃபோ என்கிற மினி பஸ்ஸின் பின்னாலிருந்து டயரை இறக்கினார்கள். இறக்கியவனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஏதோ வண்டிக்குப் பஞ்சர் ஒட்டப் போகிறவன் மாதிரி சாதாரணமாக இருந்தான். அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. ஓகுனும் இடித் தெய்வமான ஷாங்கோவும் திருடனைப் பார்த்துக்கொள்வார்கள் என்று உண்மையிலேயே நம்புகிற ஊரில் கூட்டத்துக்கு டயர் எதற்கு?

2014 மார்ச்சில் இபாடானில் சோக்கா என்ற இடத்தில் என்ன கிடைத்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பாழடைந்த கட்டடத்தில் அடைத்து வைத்திருந்த மனிதர்கள், சுற்றிலும் எலும்புகள். பணம் வரும் என்று மனித உடலை வைத்துச் சடங்கு செய்கிற கும்பலின் வேலை என்றுதான் ஊரே பேசியது. டீச்சரின் விறகைக் காப்பாற்றிய பயமும் இந்த ஆட்களுக்கு ஊற்றிக் கொடுக்கிற நம்பிக்கையும் ஒரே பானையிலிருந்துதான் வருகின்றன. பயத்தால் அடங்கி இருப்பவன் நல்லவன் ஆகிவிட மாட்டான், வேறொரு மந்திரக்காரன் அதைவிடப் பலமாக ஒன்று தருகிறேன் என்றால் அவன் பின்னால் போய்விடுவான்.

டீசல் கணக்கு

நான் அபெயோகுட்டா பக்கம் இருந்தேன். ஓகுன் திருவிழாவில் எங்கள் டிரைவர்கள் எல்லாம் வண்டியைக் கழுவி வரிசையாக நிறுத்தி நாய் பலி கொடுத்தார்கள். ஒரு டிரைவர் அன்று முழுக்க ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார், முந்தின வாரம் பொய்க் கணக்கு எழுதினேன், ரத்தத்தை முகர்ந்த அன்று ஓகுன் என்னை விடமாட்டார் என்று தானாகவே சொன்னார். அவ்வளவுதான் என் கதை.

ஓட்டா நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த சத்தியம் எல்லாம் சரி, ஆனால் மேனேஜ்மென்ட் அதில் நிற்கவே கூடாது. நீங்கள் பக்கத்தில் நின்றால் அது விசாரணை ஆகிவிடும், மறுத்தவனுக்கு வேலை போனால் உங்கள் மேல் வழக்கு வரும். முதலில் டேங்க் மூடிக்கு சீல் போடுங்கள், நம்பர் போட்ட சீல். டேங்கர் வந்து இறக்குமுன்பே டிப் எடுங்கள் (அளவுகோல் விட்டு எண்ணெய் மட்டம் பாருங்கள்), இறக்கிய பிறகும் எடுங்கள், ஏனென்றால் பாதித் திருட்டு டேங்கரிலேயே முடிந்திருக்கும். ஜெனரேட்டர் ஓடிய மணி நேரத்தையும் லோடையும் குறித்து, ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் என்று தினமும் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள், எல்லாரும் பார்க்கிற இடத்தில். ரிட்டர்ன் லைனில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டுக் குழாய் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், நான் அப்படி ஒன்றைப் பிடித்திருக்கிறேன். காவலாளிக்கும் ஆபரேட்டருக்கும் ஒரே நாளில் ஷிப்ட் மாற்றாதீர்கள். மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் சேரும், அதை டீசல் என்று கணக்கில் எடுத்தால் உங்கள் கணக்கே பொய். இதையெல்லாம் செய்த பிறகும் குறைந்தால் அப்புறம் பாபாவைக் கூப்பிடுங்கள்.

ஓட்டா பொறியாளர்

நன்றி அண்ணா. நான் டீசலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஓஷோக்போவில் இருந்தவன்

ராஜா அண்ணன் சொன்ன 'ஒரே பானை' எனக்கு ஒப்பவில்லை. நான் ஒரு பாபலாவோ, அதாவது இஃபா என்கிற குறி பார்க்கும் முறையின் பூசாரி, வீட்டுத் திண்ணையில் பல சாயங்காலங்கள் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டுக்காரர் என்ற முறையில் பழக்கம். ஒரு நாள் நடுத்தர வயது ஆள் ஒருவர் வந்தார், கொக்கோ தோட்டப் பங்கில் தம்பியோடு தகராறு. சுற்றி வளைக்காமல் கேட்டார், தம்பியின் கை விளங்காமல் போகிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று. நோட்டுக்கட்டைப் பாயில் வைத்தார்.

பாபலாவோ ஓபெலே என்கிற குறிச் சங்கிலியை வீசினார். இஃபாவில் ஓடு என்கிற குறி வடிவங்கள் 256 உண்டு, விழுந்த ஓடுவுக்கு உரிய பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். அன்று அவர் ஒருண்மிலாவின் கதையைத்தான் சொன்னார். ஞானத்தின் தெய்வமான ஒருண்மிலாவின் மனைவி பெயர் இவா, பொறுமை என்கிற சூரூவின் மகள். அவளிடம் குறை கண்டு நடத்தியதால் அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அதோடு ஒருண்மிலாவின் பேர், மதிப்பு, வந்து போகிற கூட்டம் எல்லாம் போகிறது, தெருத்தெருவாக அவளைத் தேடி அலைகிறார். இவா என்றால் நடத்தைதான். தெய்வத்துக்கே அது இல்லாமல் ஒன்றும் நிற்கவில்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிவிட்டு, பாயில் கிடந்த நோட்டுக்கட்டை விரல் நுனியால் அந்த ஆள் பக்கம் தள்ளினார். தொடக்கூட விரும்பாத மாதிரி. யாம் இடித்து, கோழி அடித்து, தம்பியைக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடு, அதுதான் உன் பரிகாரம் என்றார். அந்த ஆள் கோபமாக எழுந்து போய்விட்டார். சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

அண்ணா, வன்முறையைத் தடுக்கிற சிந்தனை அங்கே பயத்தில் மட்டும் இல்லை என்று அன்று கண்ணால் பார்த்தேன். ஒவ்வொருவரும் பிறக்குமுன் தன் ஓரியை, அதாவது தலைவிதியைத், தானே தேர்ந்தெடுத்து வருகிறான் என்பார்கள், ஆனால் நல்ல ஓரி வாய்த்தாலும் இவா கெட்டால் அது கைகொடுக்காது. மண்ணும் தெய்வம்தான். ஓக்போனி என்கிற, மண்ணை வணங்கும் பெரியவர்கள் சபைக்கு அந்தக் காலத்தில் இருந்த முக்கிய வேலைகளில் ஒன்று மண்ணில் ரத்தம் சிந்தியவர்களை விசாரிப்பது. சங்கிலியில் பிணைத்த ஆண் பெண் பித்தளை உருவம், எடான், அது வந்தால் சண்டை நிற்க வேண்டும். சோக்காவில் நடந்தது இதற்கெல்லாம் நேர் எதிர். பணத்துக்காக ஆள் கொல்வது எந்த ஓடுவின் பெயரால் என்று கேட்டால் அந்தப் பாபலாவோ என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

பலெர்மோவிலிருந்து

நான் நைஜீரியாவுக்குப் போனதில்லை. இத்தாலியில் பலெர்மோவில் இருக்கிறேன், எங்கட ஆக்கள் இங்கே கனபேர், நைஜீரியப் பெண்களும் நிறைய. ஒருத்தி என்னோடு ஒரே உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினாள், பெனின் நகரத்துக்காரி. அவளைக் கொண்டுவந்தவர்கள் புறப்படுமுன் நகமும் முடியும் எடுத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்கள், கடனைக் கட்டாமல் ஓடினால், பொலிஸில் சொன்னால், சாவு. கடன் என்பது அவளால் கட்டி முடிக்கக்கூடிய காசே இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது, அவள் போகவில்லை.

2018 மார்ச்சில் அந்தப் பெனின் நகரத்துப் பாரம்பரிய அரசர், ஒபா இரண்டாம் எவுவாரே, பூசாரிகளைக் கூட்டி அந்தச் சத்தியங்கள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தார். இவள் ஃபோனில் அந்த வீடியோவைப் போட்டு ஈரக்கையோடு திரும்பத் திரும்பப் பார்த்தாள். அழுததா சிரித்ததா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும்தான். அடுத்த கிழமை அவள் வேலைக்கு வரவில்லை, நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். ஓட்டா அண்ணைக்கு நான் சொல்ல விரும்புவது, சத்தியத்தைக் கள்ளனைப் பிடிக்கவும் பாவிக்கலாம், கள்ளன்களே பாவிக்கவும் செய்வார்கள்.

லாகோஸ் ராஜா

இதைத்தான் நானும் சொன்னேன்.

ஓஷோக்போவில் இருந்தவன்

பலெர்மோ தம்பி, மனது கனத்துவிட்டது. ஒரு சின்னத் திருத்தம் மட்டும், பெனின் நகரம் எடோ மக்களுடையது, யொருபா இல்லை. ஆனால் அங்கே திருடர்கள் இன்று அதிகம் பயப்படுகிற ஐயலாலா, ஓண்டோ கடலோரத்து இலாஜே மக்களிடமிருந்து வந்த தெய்வம், அவர்கள் யொருபாதான். இலாஜேக்களுக்கும் பக்கத்து இஜோ மக்களுக்கும் ஒருவன் செய்த தவறால் பெரிய சண்டை மூண்டு, அதை நிறுத்த ஓர் அடிமைப் பெண்ணைப் பலி கொடுத்து உடன்படிக்கை செய்தார்கள், அவள்தான் அந்தத் தெய்வம் என்பது கதை. ராஜா அண்ணனுக்கு முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், சமாதானத்துக்குக் கொடுத்த விலை யார் உயிர் என்பது எனக்கும் உறுத்துகிறது.

செல்வி டீச்சர்

அதைத் தொட்டுவிட்டீர்கள், அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். ராஜா, பயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை, சட்டத்துக்குப் பயப்படுவதை மட்டும் நாம் ஒழுக்கம் என்கிறோம், ஆலேக்குப் பயந்தால் மூடநம்பிக்கை என்கிறோம். எனக்கு இருக்கிற வருத்தம் வேறு.

ஓரோ நாட்கள் வரும், ஓரோ என்பது ஆண்கள் மட்டும் நடத்துகிற தெய்வ வழிபாடு. ஊரைச் சுத்தம் செய்வது, கெட்டதை வெளியேற்றுவது என்பார்கள். முன்காலத்தில் பெரிய குற்றவாளிகளுக்குத் தண்டனையை நிறைவேற்றியதே ஓரோதான். கயிற்றில் கட்டிய மரத்தகட்டைச் சுழற்றுகிற அந்த உறுமல் தெருவில் கேட்டால் பெண்கள் வெளியே தலை நீட்டக்கூடாது, பார்க்கக்கூடாது. ஒரு தடவை எங்கள் விடுதி மாணவி ஒருத்திக்கு ராத்திரி கடுமையான காய்ச்சல், வலிப்பு வந்துவிடுமோ என்று நானும் வார்டனும் துடிக்கிறோம், வெளியே உறுமுகிறது. இரண்டு பெண்கள், ஒரு காரின் சாவி கையில், கதவைத் திறக்க முடியவில்லை. கடைசியில் பள்ளித் தோட்டக்காரர் வெளியே போய் யாரிடமோ பேசி, பிள்ளையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் திருட்டு குறைவு என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், அதில் மாற்றமில்லை. இரும்பின் மேல் சத்தியம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, ஆலேயும் அப்படியே, அந்த யாம் குவியல் ஒரு பெண்ணுடையதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஊரைக் காப்பாற்ற ஊரில் பாதிப் பேரை உள்ளே பூட்டு என்கிற ஏற்பாட்டை என்னால் அதே தட்டில் வைக்க முடியவில்லை. அங்கே இப்போது இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், ஓரோ நாளில் நர்ஸ்கள் டியூட்டிக்கு எப்படிப் போகிறார்கள்?